‘தண்ணீர் அளவு’ திறக்கவில்லை

சங்கரன்கோவில்
8.6.2025

அன்புத் தம்பி தாவீதுக்கு,

அக்கா ஏஞ்சல் எழுதுவது. அம்மாவும் நானும் கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை உன் கையெழுத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் எங்களுக்கு நிம்மதி. நான்கு மாதத்துக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும் எழுதலாம் என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்குத் தாளுக்கா பஞ்சம்? ஆனாலும் முதல் வரி எழுத அரைமணி நேரம் ஆயிற்று.

குடியை விட வேண்டும் என்று நீயாகவே சொல்லி வண்டி ஏறினாய். அதை அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். “எம் மவன் தானாத்தான் போனான், ஒருத்தரும் இழுத்துட்டுப் போகல” என்கிறாள். உனக்கு வெட்கமாக இருந்தால் மன்னித்துவிடு. அவளுக்கு அது பெருமை.

ஒரு உதவி வேண்டும். அப்பா இருந்தவரை போய்வந்த டயாலிசிஸ் வேனில் நான் இப்போதும் துணைக்குப் போகிறேன் அல்லவா, அதில் புதிதாக ஒருவர் வருகிறார். இளையரசனேந்தல் முருகம்மாள், பருத்திக்காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் கட்டுப்பாடு போட்டிருக்கிறார். அப்பாவுக்காக நீ செய்த ஆப்பை அவர் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். வேன் நேரம், இருக்கை எல்லாம் சரியாக வருகிறது. மேலே மூன்று கோட்டைத் தொட்டால் பட்டியலும் வருகிறது. அதில் ‘தண்ணீர் அளவு’ என்பதைத் தொட்டால்தான் ஒன்றும் நடப்பதில்லை. பட்டியல் மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். என் போனிலும் அப்படித்தான். போன வருஷமே யாரோ சொன்னார்கள், நீ ‘பார்க்கிறேன்’ என்றாய். அங்கிருந்தே வழி சொல்ல முடியுமா? உன் லேப்டாப் என்னிடம்தான் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. கொசு இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் அக்கா,
ஏஞ்சல்

*

சிறுமலை அடிவாரம்
17.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். முதல் ஒரு வாரம் மோசம். இப்போது ராத்திரி தூங்குகிறேன். கொசு இருக்கிறது, வலையும் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்.

ஆப் விஷயம். முதலில் போனை அணைத்துப் போடு. ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்று. சரிவரவில்லை என்றால் லேப்டாப்பில் ‘வேன்’ என்ற போல்டரைத் திற. மெனுவுக்கு ஒரு ஃபைல் இருக்கும். அதில் தண்ணீர் அளவுக்கு ஒரு அடையாளப் பெயர் கொடுத்திருப்பேன். அதே பெயர் முகப்புத் திரையின் ஃபைலிலும் இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் தொட்டது எதை என்று ஆப்புக்குத் தெரியாது, சும்மா இருந்துவிடும். இரண்டு இடத்திலும் உள்ள வரிகளை அப்படியே பார்த்து எழுதி அனுப்பு.

அக்கா, அந்தத் திரை அவ்வளவு அவசியமா? நோட்டுப் போட்டு எழுதச் சொன்னால் போதுமே. பழைய ஆட்கள் அப்படித்தானே சமாளிக்கிறார்கள்.

அன்புத் தம்பி,
தாவீது

*

சங்கரன்கோவில்
26.6.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று அம்மா அதை பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். நான் கேட்டு வாங்கித்தான் படிக்க வேண்டியிருந்தது. இங்கே எல்லோரும் சுகம். வெயில் மட்டும் குறையவில்லை.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். போனை அணைத்தேன், ஆப்பை அழித்தேன், மறுபடி ஏற்றினேன். பலனில்லை. லேப்டாப்பைத் திறந்து நீ சொன்ன இரண்டு வரியையும் எழுத்து எழுத்தாகப் பின் தாளில் எழுதியிருக்கிறேன், பார். கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்துகிற கண் எனக்கு. இரண்டு பெயரும் ஒன்றேதான்.

நோட்டு என்று எழுதியிருந்தாய். முருகம்மாள் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீ போட்டிருந்தாயே, தம்ளர் படம், செம்புப் படம், டீக் கிளாஸ் படம். அதைத் தொட்டால் உன் குரலே ‘இன்னும் ரெண்டு தம்ளர்தான் பாக்கி’ என்று சொல்லுமே. அது அவருக்காகவே செய்தது போல இருக்கிறது. வெள்ளிக்கிழமை வேனில் கால் இரண்டும் வீங்கி ஏறினார். எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும் மக்கா? நாக்கு ஒட்டிக்கிடுது. ஒரு மடக்கு, ஒரு மடக்குன்னுதான் குடிக்கேன்.”

“மடக்கெல்லாம் சேந்து ஒரு குடம் ஆயிருச்சுல்லா” என்றார் வண்டி ஓட்டுகிற சைஃபுல்லா. எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்காவும் சிரித்தார். ஆனால் அன்று மெஷினில் மூன்றரை கிலோ தண்ணீர் எடுத்தார்கள். திரும்பி வரும்போது பேசக்கூட முடியாமல் படுத்திருந்தார்.

அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
ஏஞ்சல்

*

சிறுமலை அடிவாரம்
8.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பதில் தாமதம், மன்னித்துவிடு. எனக்குத் தோட்ட வேலை போட்டிருக்கிறார்கள். கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விடுவதும் களை எடுப்பதும் என் பொறுப்பு. நடுக்கம் குறைந்திருக்கிறது. எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

நீ எழுதி அனுப்பிய வரிகள் சரியாகத்தான் இருக்கின்றன. வேறு எதுவாகவும் இருக்கலாம். தூரத்திலிருந்து சொல்வது கடினம். இப்போதைக்கு மெனு ஃபைலில் அந்த ஒரு உருப்படியை மட்டும் எடுத்துவிடு. இல்லாத ஒன்றை யாரும் தொட மாட்டார்கள். நான் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு முட்டு வலி எப்படி இருக்கிறது?

தம்பி,
தாவீது

*

சங்கரன்கோவில்
15.7.2025

அன்புத் தம்பிக்கு,

அம்மாவின் முட்டு பரவாயில்லை. கத்தரிக்காய் காய்த்தால் ஒன்றாவது கொண்டு வரச் சொன்னாள். உன் எழுத்து நேராகியிருப்பதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த உருப்படியை நான் எடுக்கவில்லை. கோபப்படாதே. எடுத்துவிட்டால் முருகம்மாள் அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன்?

உன் மேசை டிராயரில் நீல அட்டை நோட்டு கிடைத்தது. ‘எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் ஒரு செய்தியை ஓடவிட்டுப் பார்’ என்று அதில் எழுதியிருந்தாய். மாதிரி வரியும் இருந்தது. அதைப் பார்த்துத் தண்ணீர் அளவைத் தொடும் இடத்தில் ‘வந்துட்டேன்’ என்று ஒரு செய்தி வைத்தேன். ஒரு ஞாயிறு முழுக்க ஆயிற்று. கேபிள் போட்டு என் போனில் ஏற்றித் தொட்டேன். ‘வந்துட்டேன்’ என்று கீழே எழுத்து வந்தது! நான் கத்திய கத்தில் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

ஆக, மெனு வேலை செய்கிறது. பிறகு ஏன் திரை வரவில்லை? தொடும்போது கண் சிமிட்டுவது போல ஏதோ ஆவதைக் கவனித்தேன். சைஃபுல்லாவிடம் காட்டினேன். அவர் தன் போனில் அதை மெதுவாக ஓடும் வீடியோவாக எடுத்தார். “யக்கா, இங்கன பாருங்க. தெறக்குது. தெறந்த கையோட தானே மூடிக்கிடுது” என்றார். நானும் பார்த்தேன். வெள்ளையாக ஒரு பக்கம், மேலே ‘தண்ணீர் அளவு’ என்ற தலைப்பு. அடுத்த கணம் காணோம்.

திறக்காமல் இல்லை தாவீது. திறந்ததை ஏதோ ஒன்று மூடுகிறது. அது என்னவாக இருக்கும்? உடனே எழுது.

அன்புடன்,
அக்கா

*

சங்கரன்கோவில்
9.8.2025

அன்புத் தம்பிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இல்லத்து அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நீ நன்றாக இருக்கிறாய், தோட்டத்தில் வேலை செய்கிறாய் என்றார்கள். அந்த மட்டும் சந்தோஷம். என் கடிதத்தில் ஏதாவது உன்னை வருத்தியிருந்தால் சொல்லிவிடு.

இந்த வாரம் ஆடித்தபசுக் கூட்டம். கடையில் நிற்க இடமில்லை. தேரடிப் பக்கம் வண்டி போகாது என்று வேனை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனோம். முருகம்மாள் அக்கா பத்து அடி நடக்கவில்லை. மூச்சு இரைத்து அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாகிவிட்டது. சைஃபுல்லா அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நெஞ்சில் தண்ணீர் கோத்துவிட்டதாம். இரண்டு நாள் உள்ளே வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார், அதற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் வேணும்னா குடிச்சேன் மக்கா? எம்புட்டு ஆச்சுன்னு சொல்ல ஆளில்லியே” என்றார்.

உன்மேல் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏஞ்சல்

*

சிறுமலை அடிவாரம்
13.8.2025

அக்கா,

உன் கடிதம் இன்று மதியம் கிடைத்தது. உடனே எழுதுகிறேன்.

தண்ணீர் அளவு என்ற ஃபைலைத் திற. திரை உருவாகும் இடத்தில் மேலிருந்து நாலாவது வரியில் ‘ஃபினிஷ்’ என்ற ஆங்கில வார்த்தை தனியாக நிற்கும். அந்தத் திரையை மூடச் சொல்லும் கட்டளை அது. அந்த வரியை அழித்துவிட்டு எல்லார் போனிலும் மறுபடி ஏற்று. திறந்துவிடும்.

அது பிழை இல்லை. நான்தான் வைத்தேன். முதல் கடிதம் வந்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உன்னை மெனு ஃபைலில் தேடவிட்டேன். முருகம்மாள் அக்காவிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். திரை திறந்ததும் பெயர்கள் அகர வரிசையில் வரும். அப்பா பெயர்தான் முதலில் இருக்கும். அதைத் தொடாதே.

தாவீது

*

சங்கரன்கோவில்
20.8.2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம்.

அழித்தேன், திறந்தது. முருகம்மாள் அக்கா வீட்டுக்கு நானே பஸ் ஏறிப் போய்ப் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். செம்புப் படத்தை முதலில் தொட்டார். உன் குரல் ‘இன்னைக்குப் போதும்’ என்றது. அவ்வளவுதான், போனோடு சண்டை ஆரம்பித்துவிட்டது. “போதும்னு நீ சொல்லுத. என் நாக்கு சொல்லணும்லா?” என்றார். ஆனாலும் செம்பைக் கீழே வைத்துவிட்டார். நேற்று மெஷினில் ஒன்றரை கிலோதான் எடுத்தார்களாம். வேனில் வருகிறவர்களிடம் எல்லாம், “இந்தப் பய சொன்னா கேட்டுத்தான் ஆவணும்” என்று உன் குரலைப் போட்டுக் காட்டிக்கொண்டு வந்தார்.

திரையை மூடியது நீதான் என்று அவரிடம் சொன்னேன். உன் சார்பில் மறைத்துப் பேச எனக்கு வரவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அவன் வரட்டும், நான் பேசிக்கிடுதேன்” என்றார். குரலில் கோபம் இல்லை.

அய்யாத்துரை என்று முதல் வரியில் அப்பா பெயர் இருந்தது. விரல் வரைக்கும் போயிற்று. தொடவில்லை. நீ சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல். தோன்றாவிட்டாலும் நீ என் தம்பிதான்.

ஏஞ்சல் அக்கா

*

சிறுமலை அடிவாரம்
4.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

போன வருஷம் ஏப்ரல் 11, வியாழக்கிழமை. பென்ஷன் விஷயமாக அப்பாவை பைக்கில் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். திரும்பி வரும்போது திருவேங்கடம் ரோட்டில் வேப்பமரத்தடியில் ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். “ஏலே, வண்டிய நிறுத்து. தொண்டை காயுது. ஒரு இளநி வாங்கித் தா” என்றார் அப்பா. இளநீர் கூடவே கூடாது, அதில் இருக்கிற பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும் என்று டாக்டர் எத்தனை முறை சொன்னார்! அது தெரிந்துதானே ஆப்பில் இளநீருக்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன்? “வேண்டாம்ப்பா” என்றேன். “ஒன்னு குடிச்சா செத்தா போயிருவேன்?” என்று சிரித்தார்.

வாங்கிக் கொடுத்தேன் அக்கா. அதற்குள் ஆபீசிலிருந்து போன் வந்தது. தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். காலி இளநீரைக் கீழே வைத்துவிட்டு, “அமிர்தம் மாதிரி இருந்துச்சுலே” என்றார்.

மறுநாள் காலையில் வேன் வருவதற்கு முன்னால் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், “பழம், இளநீர் ஏதாவது சாப்பிட்டாரா?” என்று கேட்டார்கள். நீ பக்கத்தில் நின்றாய். நான் இல்லை என்றேன்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஆப்பைத் திறந்தேன். அப்பா பெயரைத் தொட்டால் கடைசி நாள் வந்தது. பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பராக இருந்தவர் அல்லவா, குடித்தது எதையும் விடாமல் மணியோடு பதிந்திருக்கிறார். நடுவில் இளநீர்ப் படம். பக்கத்தில் சிவப்புப் புள்ளி. அதைத் தொட்டால் அளவும் குறிப்பும் வரும். தொட எனக்குத் தைரியம் இல்லை. அப்பா எழுதியதை அழிக்கவும் மனசு வரவில்லை. நீயோ அம்மாவோ பார்த்துவிடக் கூடாது என்று அந்த ஒரு வரியை வைத்தேன். அன்று சாயங்காலம்தான் முதன்முதலில் கடைக்குப் போய்க் குடித்தேன்.

இனி நீ பார்க்கலாம். பார்த்துவிட்டு எனக்கு எழுத வேண்டாம் என்று தோன்றினால் எழுத வேண்டாம்.

தாவீது

*

சங்கரன்கோவில்
7.9.2025

என் தாவீதுக்கு,

கடிதம் நேற்று கிடைத்தது. இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். சீக்கிரம் உன் கைக்கு வர வேண்டும். கடையை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து அப்பா பெயரைத் தொட்டேன். நீ தொடாத இடத்தையும் தொட்டேன். அதில் இருப்பதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் கீழே எழுதுகிறேன். நான் பிழை விட மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

‘பிற்பகல் 3.40. இளநீர். மூன்று மடக்கு. 40 மில்லி. குறிப்பு: நான்தான் கேட்டேன். தாவீது வேண்டாம் என்றான். அவன் போன் பேசும்போது மீதியை மரத்தடியில் ஊற்றிவிட்டேன். முழுதும் குடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறான். இருக்கட்டும். வாங்கிக் கொடுத்த சந்தோஷம் அவனுக்கு.’

தம்பி, இதை இன்னொரு தடவை படி. நான் பத்துத் தடவைக்கு மேல் படித்துவிட்டேன்.

அதற்குக் கீழேயும் ஒன்று இருக்கிறது. அது எனக்கு. அன்று சாயங்காலம் அப்பா அரைத் தம்ளர் தண்ணீர் கேட்டார். அளவு முடிந்துவிட்டது என்று நான் கொடுக்கவில்லை. “கல்நெஞ்சுக்காரி” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். விடிந்தால் இல்லை. ஒன்றரை வருஷமாகத் தண்ணீர்ப் பானையைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அரைத் தம்ளர் ஞாபகம் வரும். யாரிடமும் சொன்னதில்லை. அப்பா என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? ‘7.20. ஒன்றும் இல்லை. கேட்டேன், ஏஞ்சல் தரவில்லை. அவள் செய்தது சரி.’

அடுத்த வேன் நாள் வரைக்கும் பொறுக்க முடியாமல், டாக்டருக்கு இன்று காலை போன் செய்தேன். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். “மூணு மடக்கு இளநீர் அதைச் செய்யாதும்மா. அவருக்கு இதயம் ரெண்டு வருஷமாவே பலவீனம். உங்க வீட்டில சொல்ல வேண்டாம்னு அவரே கேட்டுக்கிட்டாரு” என்றார். அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது தாவீது. தெரிந்துதான் அந்த மூன்று மடக்கைக் கேட்டிருக்கிறார்.

நர்ஸிடம் நீ இல்லை என்று சொன்னபோது உன் கை என் கைக்குள் இருந்தது. அதை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டாய். அழப் போகிறாய் என்று நினைத்தேன். அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்பு.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சொல்லச் சொன்னால் சொல்கிறேன்.

உன்னோடு பிறந்தவள்,
ஏஞ்சல்

*

சிறுமலை அடிவாரம்
18.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உண்மையாகவே நலம்.

உன் கடிதத்தைத் தோட்டத்தில் நின்று படித்தேன். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்கிறவர் பயந்துபோய் வார்டனைக் கூட்டிவந்தார். என்னவென்று கேட்டார்கள். “எங்கப்பா லெட்டர் போட்டிருக்காரு” என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு விளக்கிச் சொன்னேன். ஐந்து மாதம் முன்னால் என்றால் அன்று நான் குடித்திருப்பேன். அன்று இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அந்தத் திரையை மூடி வைத்ததால் இன்னொருவர் ரோட்டில் மூச்சு முட்டி உட்கார்ந்தார், அதுவும் நான்தான். வந்ததும் முதலில் இளையரசனேந்தலுக்குப் போக வேண்டும். அந்த அக்கா என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

கல்நெஞ்சுக்காரி என்று இனி உன்னை யாரும் சொல்லக் கூடாது. நீயே உன்னைச் சொல்லிக்கொள்ளவும் கூடாது.

அம்மாவிடம் நீ சொல்லாதே. நான் வந்து, எதிரே உட்கார்ந்து, என் வாயால் சொல்கிறேன். அழுவாள். அடிக்கவும் செய்யலாம். பக்கத்தில் நீ இருந்தால் போதும்.

30ஆம் தேதி அனுப்புகிறார்கள். மதுரையில் செங்கோட்டை ரயிலைப் பிடித்து வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், நானே நடந்து வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தேன். மேலே அடித்திருக்கிறதே, அந்த வரிதான்.

நீ வா அக்கா.

தம்பி,
தாவீது